பத்தொன்பது ஒன்றுகள்

மலையாளக் கரையில், கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை பார்க்கும் வேலை சங்கிலிப்பாண்டிக்கு. பக்கத்துக் கிடங்கில் சுக்கு தரம் பிரிப்பாள் அவர் மனைவி ஆவுடையம்மாள். சரக்கு வராத நாட்களில் அவருக்கு ஒரு விளையாட்டு இருந்தது. ஒன்று என்ற இலக்கத்தையே வரிசையாக எழுதி, அந்தப் பெரிய எண்ணை எது மீதியில்லாமல் வகுக்கும் என்று தேடுவார்.

மூன்று ஒன்றுகள் எழுதினால் முப்பத்தேழு வகுத்துவிடும். ஐந்து எழுதினால் நாற்பத்தொன்று. எழுபத்திரண்டாம் வருஷம் பதினோரு ஒன்றுகளை உடைக்க ஒரு மழைக்காலமே பிடித்தது. வகுக்கும் எண் அகப்பட்ட அன்று மனைவியைப் பிராட்வே கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய்ப் புடவை எடுத்துக் கொடுத்தார். அவளும் சந்தோஷப்பட்டாள்.

பதினேழு ஒன்றுகளுக்கு நாலு வருஷம் ஆயிற்று. அதுவும் உடைந்தது. பிறகு பத்தொன்பதில் கை வைத்தார்.

அது உடையவில்லை. வீட்டுச் சுவரெல்லாம் கரிக்கட்டியால் வகுத்தல் கணக்கு ஏறியது. ஒவ்வொன்றின் அடியிலும் ஏதாவது மீதி நின்றது. சோற்றில் கை வைத்தபடியே உதடு அசைய உட்கார்ந்திருப்பார். எண்பதாம் வருஷம் மூட்டைகளின் எடையைத் தப்பாகச் சொல்லி வேலை போயிற்று. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “கிட்டத்துல வந்தாச்சு” என்று மட்டும் சொன்னார். சொல்லும்போதும் அவர் கண்கள் ஆவுடையம்மாளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தன.

அவளுக்குத் தெரிந்த ஒரே படித்தவர் டுட்டோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வெங்கிடராமன் மாஷ். அவரிடம் போய்க் கேட்டாள். அவர் புத்தகம் பார்த்துச் சொன்னார்: அது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதுவும் அதை வகுக்காது, அறுபது வருஷத்துக்கு முன்பே நிரூபித்துவிட்டார்கள். ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து அதை உறுதிசெய்ய நூறு கோடி வரை போகவேண்டும், ஒரு மனுஷ ஆயுள் போதாது என்றார்.

சொல்வதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தாள். கடைசியில் ஒரு மத்தியானம் சாயா கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

“போதும், நிறுத்துங்க. அதை எதுவும் வகுக்காதாம்.”

“ஆரு பறஞ்சா?”

“மாஷ்.”

அவர் சாயாவைக் குடித்துமுடித்தார். கரிக்கட்டியைத் தூக்கி வெளியே எறிந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார். சாயங்காலமாகியும் திரும்பவில்லை. வைப்பின் தீவுக்குப் போகும் போட்டில் பார்த்ததாகப் படகுத்துறை அப்பு சொன்னான். அவள் அங்கே போய்க் கடற்கரை முழுக்கத் தேடினாள். மீன்காரர்கள் அலைக்குப் பக்கத்தில் ஒருவர் தனியே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள்; எப்போது எழுந்து போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. காற்று ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீரில் கருப்பாக எது மிதந்தாலும் அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

நாலைந்து நாள் கழித்து, காய்ச்சலோடு, செருப்பில்லாமல் அவரே வந்து வாசலில் நின்றார். அவள் அவரைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். பாயில் படுக்கவைத்துக் கஞ்சி கொடுத்தாள்.

“ஆவுடை, அப்போ நான் போட்டதெல்லாம் சரிதானே. மீதி வந்தது என் பிழை இல்லையே.”

“இல்லே” என்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி வெகுநேரம் அழுதார்.

காய்ச்சல் விட்டதும் அவளே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பிராட்வேயில் ஒரு பாத்திரக்கடையில் அவருக்கு வேலை கிடைத்தது. ஒழுங்காகப் போய்வந்தார். ஆனாலும் தெருவில் அவளோடு நடக்கும்போது சில சமயம் நின்றுவிடுவார், உதடு அசையும். ஆவுடையம்மாள் அவர் முழங்கையை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பாள்.