தோட்ட ஆபீஸ் அலுமாரியில் என் கடிதம்

அம்மாவுக்கு வந்த கடிதத்தை எடுக்க இன்று காலை அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீசுக்குப் போனேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு இன்னும் தனி முகவரி கிடையாது. எல்லாத் தபாலும் ஆபீசுக்குத்தான் வரும்.

புதிதாக வந்திருக்கும் கிளாக்கர், மஞ்சளேறிய உறை ஒன்றையும் சேர்த்து நீட்டினார்.

"பழைய அலுமாரியக் காலி பண்ணுனப்ப கெடந்திச்சு மிஸ். ஒங்க பேருதானுங்களே?"

என் பேர்தான். பிரித்துப் படித்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, வரிச் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் படிக்க எனக்குப் புலமைப்பரிசில் தந்திருக்கிறது. ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டுமாம். தபால் முத்திரையில் இருப்பது பதினேழு வருடத்துக்கு முந்திய திகதி.

என்னை நிராகரித்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். என்னோடு விண்ணப்பித்தவர் போய்ப் படித்து வந்து இன்று பேராசிரியர். நான் அவருக்குக் கீழே இன்னும் விரிவுரையாளர்.

"வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க மிஸ்" என்றார் கிளாக்கர்.

வரி அறிவித்தலை முகவரிக்குத் தபாலில் போட்டாலே அது உரியவருக்குக் கிடைத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வருடாவருடம் நான் படிப்பிக்கும் பாடம். "கைக்கு வரவே இல்லன்னா மிஸ்?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். "அத நீங்கதான் நிரூபிக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன்.

ஆக, சட்டப்படி எனக்குப் புலமைப்பரிசில் அப்போதே கிடைத்துவிட்டது.

லயத்தில் பிறந்த நண்பர்களே, உங்களுக்கும் என்னென்ன கிடைத்திருக்கிறது என்று தோட்ட ஆபீசில் ஒருதரம் கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.