பூதக்கண்ணாடிக்குத் தப்பிய பள்ளம்

விமான நிலையத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். விமானம் கிளம்புமுன் வெளியே சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போடும் மெக்கானிக். பதினாறு வருட சர்வீஸ். வீட்டிலும் அதே கதைதான். மாமியார் கழுவிக் கவிழ்த்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். "உன் ஏரோப்ளேனை அங்கேயே விட்டுட்டு வாம்மா" என்பார் அவர். கணவன் வண்டியில் விழுந்த கீறலை மறைக்க மூன்று நாள் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்திப் பார்த்தான். நாலாம் நாள் அவள் பார்வைக்குத் தப்ப முடியாமல் அவனே ஒப்புக்கொண்டான். அவளுக்குத் தன் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே.

அன்று காலை, பெட்டிகளை ஏற்றும் பெல்ட் வண்டியை டிரைவர் பின்னுக்கு எடுத்ததும், சரக்குக் கதவுக்குக் கீழே அவள் கை நின்றது. உள்ளங்கை அகலத்துக்குத் தகடு உள்வாங்கியிருந்தது. சரக்கறைக்குள் ஏறி, பக்கப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்தாள். தகட்டைத் தாங்கும் சட்டம் விரிசல் விட்டிருந்தது. விமானம் போகாது என்று அங்கேயே சொல்லிவிட்டாள்.

கேப்டன் இறங்கி வந்தார், மேனேஜரும் வந்தார். இருவருமே பெல்ட் வண்டியைத்தான் பார்த்தார்கள். டிரைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஐம்பதை நெருங்குபவர், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். விமானத்தை இடித்தவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் இடிக்கவில்லை என்று அவர் செய்த சத்தியத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் மறுபடி குனிந்தாள். பள்ளத்தின் விளிம்பில் பெயிண்ட் வெடித்திருந்தது. இன்று வெடித்தது என்றால் உள்ளே பளபளவென்று இருக்கும். இங்கே அழுக்கு கறுப்பாகப் படிந்து, காற்று ஓடிய திசையில் கோடாக நீண்டிருந்தது. பறந்து பறந்து சேர்ந்த அழுக்கு. எப்படியும் மூன்று நாள் இருக்கும்.

மூன்று நாளும் இந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டது அவள்தான். ஒவ்வொரு தடவையும் பெல்ட் வண்டி கதவோடு ஒட்டி நின்றிருந்தது. அது நகரட்டும் என்று நிற்காமல் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். இந்தப் பள்ளத்தோடு விமானம் பத்துத் தடவையாவது ஜனங்களை ஏற்றிக்கொண்டு பறந்திருக்கிறது.

கையில் துணி இருந்தது. ஒரு துடைப்பு போதும், பள்ளம் இன்று விழுந்ததாகிவிடும். துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"சார், வெடிப்புக்குள்ள அழுக்கைப் பாருங்க. இது பழசு. அவர் இடிக்கல."

மேனேஜர் பார்த்தார். "அப்ப இத்தனை நாளா யாரு கையெழுத்துப் போட்டது?"

"நான்தான் சார். வண்டி மறைச்சிட்டு நின்னுச்சு, நகர்த்தச் சொல்லாம போயிட்டேன். அதையும் எழுதிடுறேன்."

சொன்னபடியே எழுதிக் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை அவள் கையெழுத்துப் போடக்கூடாது என்றார்கள். அவமானமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தலைகுனியவில்லை.

அடுத்த விமானத்தைப் பார்க்க வேறு மெக்கானிக் வந்தார். பெல்ட் வண்டி நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார். யாரும் சொல்லாமலே டிரைவர் வண்டியைப் பத்தடி பின்னுக்கு எடுத்து நிறுத்தி இறங்கினார்.

"இங்கயும் பாத்துடுங்க சார். அதுவரைக்கும் நான் நிக்கிறேன்."