பூட்டு நட்டும் பவுனம்மாளும்

டெங்கில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவள் பவுனம்மாள். தோட்டத்தை விட்டுச் சாலாக் செலாத்தான் பட்டணத்துக்கு வந்த பிறகும் ரப்பர் அவளை விடவில்லை. இராமலிங்கத்தின் டயர் கடையில் பதினோரு வருடமாக டியூப் ஒட்டிக்கொண்டிருந்தாள். டியூப் மட்டும்தான். சக்கரம் கழற்றுவது ஆண்களின் வேலை. தினமும் கடை திறந்ததும் ஜாக்கிக்கும் ஸ்பேனர்களுக்கும் இராமலிங்கம் சூடம் காட்டுவார். அவற்றை எடுத்துப் பெண் வேலை செய்தால் தீட்டாம். மாலையில் அதே ஸ்பேனர்களைத் துடைத்து எண்ணெய் பூசி வைப்பவள் பவுனம்மாள். அப்போது மட்டும் தீட்டு எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது.

1989இல் ஒரு சனிக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸ்காரரான பாலசுந்தரம் காரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. புதுக் கார், பளபளக்கும் ரிம், காற்று இறங்கிய முன்சக்கரம். ரிம்மைத் திருடர்கள் கழற்றாமலிருக்க ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பூட்டு நட்டு இருந்தது. வழவழவென்று உருண்டை, அதற்கென்றே செய்த சாவி இல்லாமல் அசையாது.

"சாவி எங்க சார்?" என்றார் இராமலிங்கம்.

பாலசுந்தரம் கண்ணாடியைத் துடைத்தார். "ஆத்திலை."

"எந்த ஆத்துல?"

"கிள்ளான் ஆத்திலை."

புதுக் காருக்குக் கோயிலில் பூசை போட்டபோது அந்தச் சாவியையும் தட்டில் வைத்திருக்கிறார். ஐயர் அதை எலுமிச்சம்பழத்தோடு மஞ்சள் துணியில் முடிந்து காரின் முன்னால் கட்டிவிட்டார். பழம் காய்ந்ததும், கால்படாத இடத்தில் போட வேண்டும் என்று முடிச்சை அப்படியே ஆற்றில் விட்டுவிட்டு, கும்பிடும் போட்டு வந்திருக்கிறார்.

"திருடனும் கழட்ட முடியாது, நீங்களும் கழட்ட முடியாது," என்றாள் பவுனம்மாள். "சாமி நல்லாத்தான் காவல் காக்குது."

பாலசுந்தரத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இராமலிங்கம் உளியை வைத்துத் தட்டினார். உளி வழுக்கியது, ரிம் மயிரிழையில் தப்பியது. "வெல்டிங் கடைக்குத்தான் போகணும் லா."

"நெருப்பு பட்டா ரிம் கருகிடும். நான் கழட்டுறேன் அண்ணே."

"நீ டியூப்பப் பாரு."

"கழட்டிட்டா நாளையிலருந்து சக்கர வேலை எனக்கு. ரிம்முல ஒரு கீறல் விழுந்தாலும் இன்னிக்கே வேலைய விட்டுப் போயிடுறேன்."

இராமலிங்கம் யோசித்தார். பாலசுந்தரம் யோசிக்கவில்லை. "எனக்குக் கார் ஓடினால் போதும். தங்கச்சி செய்யட்டும்."

பவுனம்மாள் முதலில் மற்ற நட்டுகளை இன்னும் இறுக்கினாள்.

"கழட்டச் சொன்னா இறுக்குறா," என்று முனகினார் இராமலிங்கம்.

"பாரத்த அதுங்க தாங்கட்டும். இது கொஞ்சம் மூச்சு விடும்."

பூட்டு நட்டுக்கு எண்ணெய் விட்டாள். ரிம்மின்மேல் பழைய டியூபை வெட்டி விரித்தாள். நட்டைக் கவ்விப் பிடிக்கும் இரும்புச் சாக்கெட்டுகளில், நட்டைவிடச் சற்றே சிறிய பழையது ஒன்றை வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றினாள். அதன் கைப்பிடியில் நாலடித் தண்ணீர்க் குழாயைச் செருகிச் சாய்ந்தாள். சாக்கெட் வழுக்கிக் கீழே விழுந்து உருண்டது.

இராமலிங்கம் வெல்டிங் கடைக்குப் போன் போட உள்ளே போனார்.

பவுனம்மாளின் காது சூடாகியது. பதினோரு வருடம். பெட்டியைக் கிளறி இன்னும் சிறிய சாக்கெட் ஒன்றை எடுத்தாள். இந்த முறை அடியை எண்ணவில்லை. சாக்கெட்டின் பற்கள் நட்டைக் கடித்துக்கொண்டு இறங்கும்வரை அடித்தாள். குழாயின் நுனியில் முழு எடையையும் போட்டுத் தொங்கினாள்.

'டக்'கென்று ஒரு சத்தம். குழாய் இறங்கியது, நட்டு சுழன்றது.

"முருகன் கருணை," என்று கைகூப்பினார் பாலசுந்தரம்.

"முருகன் வேலப் புடிச்சிருப்பாரு சார். குழாயப் புடிச்சது நானு."

அவர் முகம் சுளிக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தார். "மற்ற மூண்டையும் கழட்டிப்போடு தங்கச்சி. சாதாரண நட்டே போதும்."

போனைக் கையில் பிடித்தபடியே இராமலிங்கம் எட்டிப் பார்த்தார். போனை வைத்துவிட்டு வந்து, குனிந்து ரிம்மைத் தடவினார். கீறல் தேடினார், கிடைக்கவில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கடை லீவு லா," என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"அப்ப இன்னிக்கே ஆரம்பிச்சிடுறேன் அண்ணே," என்று பவுனம்மாள் இரண்டாவது சக்கரத்தருகே உட்கார்ந்தாள்.