மலேசியா ஏன் சேரவில்லை?

சுபாஷினி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது அவளுடைய கேள்வி தெளிவாக இருந்தது. போர்க்குற்றவாளிகளை விசாரிக்கும் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கியது ரோம் ஒப்பந்தம். அதில் மலேசியா ஏன் சேரவில்லை?

ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் அவள் வணிகச் சட்டம் நடத்திக்கொண்டிருந்தாள். ஒப்பந்த வேலை. நிரந்தரமாக வேண்டுமென்றால் முனைவர் பட்டம் வேண்டும் என்று கல்லூரி சொல்லியிருந்தது. சில வருடங்களில், மலேசியா சேராததற்கு அசைக்க முடியாத காரணங்களாக இருநூற்றுச் சொச்சம் பக்கம் எழுதிவிட்டாள்.

2019 மார்ச்சில் மலேசியா சேர்ந்தது.

மனித உரிமைக்காரர்கள் மகிழ்ந்தார்கள். மனித உரிமையில் அவர்களுக்குச் சற்றும் குறையாத அக்கறை கொண்ட சுபாஷினி, எழுதியதில் வினைச்சொற்களை மட்டும் இறந்தகாலத்துக்கு மாற்றினால் போதுமா என்று பார்த்தாள். போதவில்லை. மேற்பார்வையாளர் பேராசிரியர் இமான் கனிவானவர். எழுதியது இனிச் சட்டமல்ல, வரலாறு. சேர்ந்ததால் என்ன மாறும் என்று புதிதாக எழுதலாம் என்றார். சுபாஷினி புது முன்மொழிவைக் கொடுத்தாள். ஏப்ரல் முதல் வாரத்தில் அரசாங்கம் விலகிக்கொள்வதாக அறிவித்தது.

“சேராமலே இருந்திருக்கலாம். இல்ல, சேந்தே இருந்திருக்கலாம். எதுலயாச்சும் ஒண்ணுல நில்லுங்கலா,” என்றான் கணவன் குகன், தொலைக்காட்சியைப் பார்த்து. அவன் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைச் சூப்பர்வைசர்.

“நானும் அதத்தான் கேக்கப்போறேன். என்ன, அடிக்குறிப்போட கேக்கணும்.”

பழைய ஆய்வுக்கும் திரும்ப வழியில்லை. சேராத நாடு வேறு, சேர்ந்து விலகிய நாடு வேறு. இதில் சட்டம் ரொம்பக் கறார். மூன்றாவதாக, விலகலைப் பற்றித் தொடங்கினாள். கோவிட் வந்தது. இமான் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்த டாக்டர் இம்ரான் கடல் சட்ட நிபுணர். இதில் மலாக்கா நீரிணையைக் கொண்டுவர முடியுமா என்று ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்டார். கொண்டுவந்தாள். பிறகு அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். நீரிணை மட்டும் ஆய்வில் தங்கிவிட்டது.

கடைசிக் கால நீட்டிப்பும் முடிந்து அவளுடைய பதிவு ரத்தானது. மேல்முறையீட்டுக்கு மரியாதையான பதில் வந்தது: விருப்பமிருந்தால் புதிய தலைப்பில் புதிய மாணவியாகச் சேரலாம். கல்லூரிக்கு அவ்வளவு மரியாதை தேவைப்படவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது.

அதே வாரம் அவள் பிறந்த நிபோங் திபாலில், கோயில் மண்டபத்தில் மாணவர்களுக்குப் பரிசளிப்பு. சிறப்பு விருந்தினர் அவள்தான். வாசலிலேயே கோயில் தலைவர் சின்னையாவைப் பிடித்தாள்.

“அண்ணே, பேனர்ல முனைவர்னு போட்டிருக்கீங்க. அது கிடைக்கலண்ணே. நிப்பாட்டிட்டாங்க.”

“அடிச்சாச்சேமா. எட்டடி பேனர்.”

“பேருக்கு முன்னால மட்டும் பேப்பர் ஒட்டிடுங்க.”

“ஒட்டுனா அசிங்கமா இருக்கும்லா. நாடே சேந்துட்டு மறுமாசம் விலகிருச்சுன்னு நீதானே சொன்ன? இன்னிக்கு வச்சுக்க, நாளைக்கு விலகிக்க.”

அவளுடைய ஆய்வை ஒருவர் பயன்படுத்தியது அதுவே முதல் தடவை.

மேடையில் ஒலிவாங்கி கைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சொன்னாள்: “நான் முனைவர் இல்லைங்க. பேனர்ல இருக்கறது தப்பு.”

மண்டபம் கைதட்டியது.

சின்னையா எட்டி ஒலிவாங்கியை வாங்கினார். “பாத்தீங்களா பிள்ளைங்களா, எவ்வளவு படிச்சாலும் இந்த அடக்கம் வேணும்.”

“இல்லைங்க, உண்மையிலேயே கிடைக்கல,” என்றாள். இந்த முறை சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். பல வருடமாக நீதிமன்றத்தைப் பற்றிப் படித்தவளுக்கு, நம்பாதவர்களிடம் மூன்றாம் முறை சொல்வதில் பயனில்லை என்று தெரியும். பரிசுகளைக் கொடுக்கத் தொடங்கினாள்.

திரும்பும்போது காரில் அவள் குகனிடம் கேட்டாள்: “உங்க பேக்டரில ஆள் எடுக்கறாங்களா?”

“ஸ்டோர்ல கணக்கெழுதக் கிராணி கேக்கறாங்க. ஆனா ரொம்பப் படிச்சவங்க வேணாமாம். நிக்க மாட்டாங்களாம்.”

“எல்.எல்.எம்., பி.எச்.டி. எதையும் சொல்லாதீங்க. பள்ளிக்கூடத்து எஸ்.பி.எம். மட்டும்னு போடுறேன்.”

குகன் காரின் வேகத்தைக் குறைத்தான்.

“ஆள் எடுக்கறதே சின்னையா அண்ணனோட மகன்தான் சுபா. முன்வரிசைல இருந்தானே, நீல சட்டை.”

“எழுந்து நின்னு தட்டினானே, அவனா?”

“அவன்தான்.”