வசந்தியின் கசெற்றுகள்

வாய்மொழி வரலாறு சேகரிக்கும் காப்பகமொன்றில் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தபோது எழுந்த பூச்சி உருண்டை வாசம், சின்ன வயதில் நானும் அம்மாவும் இருந்த கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜுக்கு என்னைக் கொண்டுபோனது. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்த குடும்பங்கள் அறைக்கொன்றாக இருந்த இடம் அது. கதவுகளின் பின்னால் அறையில் இருப்பவர்களின் பொலிஸ் பதிவுத் துண்டுகள் ஒட்டியிருக்கும், கடலோர ரயில் போகும்போதெல்லாம் தேத்தண்ணிக் கோப்பைகள் கிலுங்கும். எதிர் அறை வசந்திக்குக் கனடாவிலிருந்து அவளுடைய அப்பா பேசி அனுப்பும் கசெற் வரும், அவள் கதவைத் திறந்துவைத்து எல்லோருக்கும் கேட்கப் போடுவாள், கொழும்புக்கு வரும் வழியில் சோதனைச்சாவடியில் பிடிபட்ட என் அப்பாவைப் பற்றி ஒரு வரித் தகவலும் இல்லாத எனக்கு வயிறு எரியும்.

"வசந்தி அக்கா தேப்பனுக்குப் பேசி அனுப்பின பதில் கசெற்றுகள். இப்ப எங்களுக்குக் குடுத்திட்டா," என்றாள் காப்பகத்துப் பெண்.

ஒன்றைக் கேட்டேன். பத்து வயது வசந்தி பள்ளிக்கூடப் புதினம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், எப்போதோ இறந்துபோன என் அம்மா கூப்பிட்டாள்: "பிள்ளை, தண்ணி வந்திட்டுது, ஓடி வா."

அம்மாவின் குரல் என்னிடம் இல்லை. அதுவும் இத்தனை வருடம் வசந்தியிடம் இருந்திருக்கிறது.

"ஆர் எண்டு தெரியுமோ? அடையாளம் தெரியாத பெண் எண்டுதான் எழுதியிருக்கிறம்."

"என்ர அம்மா."

அவள் படிவத்தை நீட்டினாள். கொடுத்தவர் என்ற இடத்தில் வசந்தியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே அம்மாவின் பெயரை, அதைவிடப் பெரிய எழுத்தில் எழுதினேன்.