மூன்றாவது துண்டு

முந்நூறு வருடப் பழைய லண்டன் பப் அது. பீப்பாயிலிருந்து பிடித்துத் தந்த பீரை ரசித்துக் குடித்தபடி, அப்பா கொடுத்தனுப்பிய மடக்குக்கத்தியால் ஆப்பிள் நறுக்கினேன். கூட வேலை பார்க்கும் தஞ்சாவூர் அண்ணன் இரண்டு துண்டு தின்றுவிட்டு என் கிராமம் எது என்று கேட்டார். சொன்னேன்.

“அட, திருவையாறு பக்கம்தானே! நம்ம ஊருக்கு அடுத்த ஊரு தம்பி. அதுல எந்தத் தெரு?”

“காலனிங்கண்ணே.”

மூன்றாவது துண்டை நீட்டினேன். “வேணாம், வயிறு ஒரு மாதிரி இருக்கு” என்றவர், உடனே எழுந்துபோய்த் தனக்கு மட்டும் ஒரு தட்டு சிப்ஸ் வாங்கி வந்து சாப்பிட்டார்.

கத்தியைத் துடைத்து மடக்கினேன். “படிச்சு வெளிநாடு போயிட்டா இதெல்லாம் இருக்காதுப்பா” என்று சொல்லி அனுப்பியவர் அப்பா. மறுநாள் போனில், “பக்கத்து ஊர் அண்ணன் ஒருத்தர் இங்க இருக்காருப்பா” என்று மட்டும் சொன்னேன். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.