ஸ்டாம்ப் சங்கத் தலைவருக்கு நான் வைத்த பரீட்சை

மலாக்கா காஜா பேராங்கில் சுப்பையன் டோபிக் கடை என்றால் அந்தக் காலத்தில் ரிக்‌ஷாக்காரனுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் ஊரில் பாதிப் பேர் விறைப்பாக நடந்தது என் கஞ்சியால்தான்.

எனக்கு ஸ்டாம்ப் சேர்க்கும் பைத்தியம் உண்டு. சலவைக்கு வரும் சட்டைப் பையில் யாராவது கடிதத்தை மறந்து விட்டிருப்பார்கள். பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து, ஸ்டாம்பை மட்டும் கேட்டு வாங்குவேன். கிழியாமல் ஊறவைத்து உரித்தெடுக்க எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? இப்படியே நானூற்றுப் பன்னிரண்டு சேர்த்துவிட்டேன்.

ஐம்பத்தேழில் மெர்டேக்கா சுதந்திர நாளை ஒட்டி ஊர் ஸ்டாம்ப் சங்கம் கண்காட்சி வைத்தது. அங்கே ஒரு மேசை எனக்கும் வேண்டும் என்று போய் நின்றேன். சங்கத்தில் அத்தனை பேரும் கிராணிகள், ஆபீஸில் பேனா பிடிப்பவர்கள். தலைவர் கருணாகரன் பத்து ஸ்டாம்பை வரிசையாக வைத்தார்.

“எந்தெந்த நாடுன்னு படிச்சுச் சொல்லு பார்ப்போம்.”

எனக்கு நிறம் தெரியும், ஓரத்துப் பல் எத்தனை என்று தெரியும். இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது.

“பேரு படிக்கத் தெரியாதவனுக்கு ஸ்டாம்ப் என்னாத்துக்குலா? போயித் துணியத் துவை” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

வந்தேன். துவைத்தேன். கண்காட்சிக்கு முதல் நாள் தலைவரே சலவைக்குப் போட்ட சட்டையை வாங்க வந்தார். இஸ்திரிப் பெட்டி போடும் பலகையில் பத்துத் துண்டுத் துணிகளை விரித்து வைத்திருந்தேன்.

“ஐயா, இன்னையிலேருந்து நம்ம கடையிலயும் பரீட்சை. துணி பேரு சொன்னாத்தான் சட்டை.”

“விளையாடாத சுப்பையா. எல்லாம் பருத்தி.”

“பத்தும் பருத்திதான். எது மல்லு, எது பாப்ளின், எது ட்ரில்லு?”

தடவினார். முகர்ந்துகூடப் பார்த்தார். சரியாகச் சொன்னது இரண்டுதான்.

“பேரு தெரிஞ்சவன்தான் சட்டை போடணுமாய்யா?” என்று கத்தினார்.

“அதைத்தான் ஐயா நானும் அன்னிக்குக் கேக்க நினைச்சேன்.”

வெளியே ரிக்‌ஷாவில் காத்திருந்த அவர் மனைவி பாக்கியலட்சுமி அம்மாள் எட்டிப் பார்த்தார். “அவருக்கு ஒரு மேசையப் போட்டுக் குடுத்துட்டு வாங்களேன். நாளைக்குப் பனியனோடயா நிக்கப் போறீங்க?”

மறுநாள் வாசலுக்கு நேர் எதிரே என் மேசை. ஒவ்வொரு ஸ்டாம்புக்குக் கீழேயும் நாட்டின் பெயரை எழுதிக் கொடுத்தவர் தலைவர்தான். கையெழுத்து பரவாயில்லை.

அவர் சட்டைக் காலருக்கு மட்டும் கஞ்சி இரண்டு மடங்கு போட்டிருந்தேன். பாவம், கழுத்தைத் திருப்ப முடியாமல், கண்காட்சி முடியும்வரை வாசலில் என் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.